அப்புறம் குடிக்க வைத்த சாறு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேலறையில் ஒரு வருஷத்துக்கு மேலாகக் கறியோ மீனோ வைத்ததில்லை. அங்கே இருந்ததெல்லாம் சாத்துக்குடிச் சாறுதான். டப்பா டப்பாவாக உறைந்து கல்லாகக் கிடந்தது. ஓரத்தில் ஓர் ஐஸ் ட்ரே, அதில் எலுமிச்சைத் தண்ணீர். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான், எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் ஜூஸ் பக்கமே போக மாட்டேன். அவளுக்குச் சாத்துக்குடி என்றால் உயிர், ஆனால் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பேருமே தொடாத சாற்றுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மரியாதை.

அவளுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தன. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். கால் வீங்கியபோது நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை செய்வதால்தான் என்று நினைத்தாள். முகம் வீங்கியபோது தூக்கம் பத்தவில்லை என்றாள். மூச்சு வாங்க ஆரம்பித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விடிந்தும் விடியாததுமாக ஆம்பூரிலிருந்து பஸ் ஏறுவோம். சாயங்காலம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி என் தோளில் சாய்ந்துகொண்டு திரும்பி வருவாள்.

ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லித்தருகிற ஒரு பெண் இருந்தாள். சின்ன வயசு, ஆனால் கறாரான ஆள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான், காப்பி, குழம்பு, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்றாள். அதைவிட முக்கியம் பழம். "சாத்துக்குடி, ஆரஞ்சு, இளநீர், வாழைப்பழம் எதையும் தொடாதீங்கம்மா. அதுல இருக்கிற பொட்டாசியம் வெளியே போகாது. ரத்தத்துல ஏறி ஹார்ட்டையே நிறுத்திடும்."

மற்றதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த என் மனைவி சாத்துக்குடி என்றதும் நிமிர்ந்தாள்.

"எப்பவுமேவா மேடம்?"

"கிட்னி மாத்தினப்புறம் டாக்டர் பார்த்துச் சொல்வாங்க. அப்ப குடிக்கலாம்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கல்யாணமான புதிதில் சம்பளம் வாங்கிய சாயங்காலம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜூஸ் கடைக்குக் கூட்டிப்போவேன். ஐஸ் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், ஒரு சிட்டிகை உப்பு மட்டும் என்று சொல்லி வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

என் வேலை தோல் தரம் பிரிப்பது. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, எங்கே கீறல், எங்கே உண்ணி கடித்த தழும்பு, எங்கே உரிக்கும்போது கத்தி பட்டது என்று பார்த்து ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை. யார் வந்தாலும் எனக்கு முதலில் தெரிவது குறைதான். தெரிந்ததை வாய்க்குள் வைத்திருக்கவும் தெரியாது. "மனுஷங்களையும் தோலாட்டம் திருப்பிப் போட்டுப் பாக்காதீங்க" என்று அவள் சலித்துக்கொள்வாள். அவள் உடம்பு கெட்ட பிறகு எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

அந்தக் கோபத்துக்குத் தீனி போட்டவர்கள் பார்க்க வந்தவர்கள். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. வேலூரில் ஆஸ்பத்திரி வாசலிலேயே வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், சாத்துக்குடி. அவளோடு வேலை செய்தவர்கள், என் கம்பெனி ஆட்கள், தெருக்காரர்கள், தூரத்துச் சொந்தங்கள் எல்லாரும் அதே வலைப்பையைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ஜூஸ் போட்டுக் குடுங்க, தெம்பு வரும்" என்றும் சொன்னார்கள். குடித்தால் செத்துப்போவாள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம் போல நாக்கு துறுதுறுக்கும். அவள் என் கையைக் கிள்ளுவாள். சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொள்வாள்.

முதலில் அதையெல்லாம் தெருவில் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் நான் பையோடு கிளம்பியபோது நிறுத்தினாள்.

"குடுக்காதீங்க. ஜூஸ் எடுத்து ஃப்ரீசர்ல வைங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஆபரேஷன் ஆனப்புறம் குடிக்க. அப்ப சீசன் இல்லன்னா இன்னா பண்ணுவேன்?"

கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் தடவை கெடுத்துவிட்டேன். பழத்தைக் குறுக்கே வெட்டி, மிஷினில் வைத்து, கொட்டை நசுங்க அழுத்திப் பிழிந்து அப்படியே உறைய வைத்தேன். மறுநாள் ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். "பாவக்கா ஜூஸா போட்டீங்க?" என்றாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். தோலை உரித்து, உள்ளே இருக்கிற வெள்ளையை முழுக்க எடுத்து, சுளை பிரித்து, கொட்டையை ஒன்று விடாமல் தள்ளி, வடிகட்டியில் கையால்தான் நசுக்க வேண்டும். தண்ணீர் கூடாது, சர்க்கரை கூடாது, ஒரு சிட்டிகை உப்பு. டப்பாவை நிறைக்கக் கூடாது, உறையும்போது பொங்கி மூடியைத் தள்ளும். பிழிந்த உடனே உள்ளே வைக்க வேண்டும். "ஒரு தடவை உருகினா அவ்ளோதான். திரும்ப வச்சா கசந்துடும்" என்றாள். அதோடு ரொம்ப நாள் வைத்தாலும் கசப்பு ஏறும் என்று அவளுக்குத் தெரியும். "அதுக்குள்ளதான் ஆபரேஷன் ஆயிடுமே" என்று சொல்லிக்கொண்டாள்.

எலுமிச்சை வேறு கதை. வேலூர்ப் பக்கத்து வெயிலில் ஒரு சின்ன பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒருத்தி நாளை ஓட்ட வேண்டும். மத்தியானத்தில் அவள் உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் அடுக்களையில் போய்த் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன், டம்ளர் சத்தம் கேட்காமல். அந்தக் கறாரான பெண்தான் வழி சொன்னாள்: நாலைந்து சொட்டு எலுமிச்சை பிழிந்த தண்ணீரை ஐஸ் கட்டியாக்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள், குடித்தால் ஒரு மடக்கில் போய்விடும், கட்டி என்றால் வாயிலேயே கிடக்கும். அந்தத் தண்ணீரும் பாட்டில் கணக்குக்குள்தான். அவள் ஒரு கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மேலறைக் கதவைத் திறந்து சாத்துக்குடி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். குளிர் காற்று முகத்தில் படட்டும் என்று நிற்பதாகச் சொல்வாள்.

கிட்னி கொடுக்க முதலில் போய் நின்றது நான்தான். சர்க்கரை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அவளுடைய அண்ணன் வந்தார். நாட்றம்பள்ளிப் பக்கம் நிலம் வைத்து உழுகிறவர். அப்பா இல்லாத வீட்டில் இவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், ஐம்பது வயசை நெருங்குகிறவளை. எல்லாப் பரிசோதனையிலும் அவருடையது பொருந்தியது. ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அந்த வாரம் ஒரு கோணிப்பை நிறையச் சாத்துக்குடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத பழம். மார்க்கெட்டில் தேடிப் பொறுக்கியதாம். நடுவீட்டில் கொட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சுளை பிரித்தார்.

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு தொறந்ததும் உனக்கு நான்தான் ஜூஸ் குடுப்பேன் பாப்பா. என் கையால. நீ ஒரு டம்ளர், நான் ஒரு டம்ளர்."

"உனக்கு எதுக்குண்ணா? எல்லாம் எனக்குத்தான்."

"இன்னாமா, கிட்னி குடுக்கிறவனுக்கு ஒரு டம்ளர் கூடவா கெடையாது?"

மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்குப் போட்ட டப்பாவுக்கு மட்டும் சிவப்பு மூடி வைத்தாள். மேலறையில் அதை மேலாக, கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொன்னாள். எனக்கு அந்த நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தது. என் கண்ணுக்கு அவரிடம் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆபரேஷனுக்குச் சில நாள் இருக்கும்போது அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவள் டயாலிசிஸில் இருந்தாள், நான் வெளியே வராந்தாவில் நின்று பேசினேன். வீட்டில் பெண்டாட்டி சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள், பிள்ளைகள் காலைப் பிடித்து அழுகிறார்கள், ஒரு கிட்னியோடு நிலத்தில் எப்படி வேலை செய்வது என்று கேட்கிறார்கள். "என்னால முடியல மாப்ள. பாப்பா கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான்தான் சொன்னேன். டயாலிசிஸ் முடிந்து வந்தவளிடம், பஸ்ஸில், பள்ளிகொண்டா தாண்டும்போது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆம்பூரில் இறங்கும்போது, "அண்ணன் அழுதுச்சா?" என்று மட்டும் கேட்டாள். அவர் அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன என்று நடுரோட்டில் கத்தினேன்.

ஒரு மாதம் போலத் தலைகாட்டாமல் இருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றார். கையில் சாத்துக்குடிப் பை. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"கிட்னி கேட்டா சாத்துக்குடி கொண்டாந்திருக்கீங்களா மச்சான்?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையைக் கீழே வைப்பதா, கையிலேயே வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றார். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து பையை வாங்கினாள். "உள்ள வாண்ணா. டீ குடிச்சிட்டு போ" என்றாள்.

அவர் போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அதால குடுக்க முடிஞ்சது இவ்ளோதான். இதையும் நாம வாங்கலன்னா அது எங்க போவும்? வூட்டுக்கும் போவ முடியாம, இங்கயும் வர முடியாம ரோட்டுல நிக்கணுமா?"

"உன் உசிரு போவுது. நீ அவருக்காகப் பேசறியா?"

"என் அண்ணன்தானே. வேற யாருக்காகப் பேசுவேன்?"

எனக்கு மனசு ஆறவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்தால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். திரும்பி வரும்போது வீடு முழுக்கச் சாத்துக்குடித் தோல் வாசனை அடிக்கும். அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து சுளை பிரித்து டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள்.

எங்கள் ஃப்ரீசர் எவ்வளவு கொள்ளும்? நிரம்பி வழிந்த டப்பாக்களைப் பக்கத்து வீட்டு ஆபாவிடம் கொடுத்தோம். அவர் முஸ்லிம், அக்கா என்கிற அர்த்தத்தில் தெருவே அவரை ஆபா என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டில் பெரிய ஃப்ரிட்ஜ். பக்ரீத் வந்தபோது குர்பானிக் கறி வைக்க இடம் வேண்டுமே என்று டப்பாக்களைத் திருப்பி வாங்கப் போனேன். ஆபா விடவில்லை. கறியைத்தான் தம்பி வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்பியிருந்தார்.

"கறி எங்கே வேணா இருக்கும்ணா. இது தங்கச்சி குடிக்கறதுக்கு இருக்கிறது. உருகிடுச்சின்னா பேஜார்."

பக்ரீத்துக்குக் கறியை வெளியே அனுப்பிவிட்டுச் சாற்றை உள்ளே வைத்திருந்த அந்த வீட்டு வாசலில் நான் அழுதுவிட்டேன். ஆபா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் பார்க்காதது போல உள்ளே போய்விட்டார்.

இறந்தவர்களின் கிட்னி கிடைத்தால் வைப்பதற்காக ஆஸ்பத்திரியில் பேரைப் பதிந்து வைத்திருந்தோம். போன் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். அவள் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். கடன் கொடுக்கிறேன் என்றும் இன்ஷூரன்ஸ் போடுங்கள் என்றும் ஊரில் இருக்கிறவர்களெல்லாம் கூப்பிட்டார்கள். கூப்பிட வேண்டியவர்கள் கூப்பிடவில்லை.

கோடை மழையில் ஒரு நாள் பேய்க்காற்று அடித்து எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மறுநாள் சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. கம்பளியில் சுற்றி, மேலே கோணியைப் போட்டு, ஐஸ் வாங்கி அடுக்கி என்னென்னவோ செய்து பார்த்தேன். மேலாக இருந்த டப்பாக்கள் உருகிவிட்டன. சிவப்பு மூடி டப்பாவை ஆட்டிப் பார்த்தேன், உள்ளே சாறு தளும்பியது.

"இத கொட்டிடலாம். நீதானே சொன்னே, திரும்ப வச்சா கசந்துடும்னு."

"அது இருக்கட்டும்."

"கசக்கும்."

"இருக்கட்டும்னு சொல்றேன் இல்ல?"

மற்றதைக் கொட்டினேன். அதை மட்டும் திரும்ப வைத்தேன்.

அதற்கப்புறம் அவள் உடம்பு இறங்கிக்கொண்டே போனது. டயாலிசிஸ் ஏற்றுகிற கையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள், அதில் காய்ச்சல் வந்தது. மிஷினில் படுத்த அரைமணியில் பிரஷர் இறங்கி மயங்க ஆரம்பித்தாள். இருதயம் பலவீனம் என்றார்கள். தோல் பார்க்கிற என் கண்ணுக்கு அவள் கையும் முகமும் என்ன சொல்கின்றன என்று தெரிந்துதான் இருந்தது. தெரியாதது போல நடந்துகொண்டேன்.

ஒரு நாள் பெரிய டாக்டர் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். என்னை உட்கார வைத்து, மெதுவாகப் பேசினார்.

"இனிமே அவங்க உடம்பு டயாலிசிஸ் தாங்காது. இங்கே வச்சு கஷ்டப்படுத்த வேணாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க ஆசைப்படறதை எல்லாம் குடுங்க."

"ஜூஸு..." என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"எதுவா இருந்தாலும் குடுக்கலாம்" என்றார்.

எத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தோம். அது இந்த வாயிலிருந்து, இப்படி வந்தது. நான் அந்த அறையில் கையை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். டாக்டர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் கேட்டாள், "டாக்டர் இன்னா சொன்னாரு?"

"உனக்குப் பிடிச்சதெல்லாம் சாப்பிடலாம்னாரு."

என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியும் கையுமாக இத்தனை நாள் அலைந்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாமலா இருக்கும். கொஞ்ச தூரம் போன பிறகு, "அப்ப ஜூஸ் குடிக்கலாம்" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு, "அண்ணனுக்குப் போன் பண்ணுங்க" என்றாள்.

மறுநாள் பகலில் அவர் வந்தார். அன்றைக்குத்தான் வெறுங்கையோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். ஆபா தன் வீட்டிலிருந்த டப்பாக்களையெல்லாம் ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்திருந்தார், எது வேண்டும் என்று அவளே சொல்லட்டும் என்று. எல்லாம் அந்தக் கரண்ட் போன நாளுக்குப் பிறகு போட்டவை, நல்ல நிறத்தில் இருந்தன. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை.

"செவப்பு மூடி" என்றாள்.

நான் ஆபாவைப் பார்த்தேன், ஆபா என்னைப் பார்த்தார். எங்கள் ஃப்ரிட்ஜிலிருந்து அதை எடுத்து, தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தில் வைத்து உருக விட்டேன். சாறு மங்கிப்போய்ப் பழுப்பாக இருந்தது. டம்ளரில் ஊற்றி எடுத்துப்போனபோது அவள் தலையசைத்து அண்ணனைக் காட்டினாள். அவர் கையில் கொடுத்தேன். இன்னொரு கையால் அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டில் வைத்தார்.

குடித்தாள். தாகத்தில் குடிக்கிறவள் மாதிரி நிறுத்தாமல் குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு. ஜூஸ் கடையில் குடிப்பாளே, அப்படியே.

"எப்படிம்மா இருக்குது?" என்றார் அவர்.

"நல்லா இனிப்பா இருக்குதுண்ணா."

"நானும் ஒரு டம்ளர் குடிக்கிறேன்னு சொன்னேன் இல்ல பாப்பா. மாப்ள, எனக்கும் கொஞ்சம்..." என்று அவர் டப்பா பக்கம் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குக் கெடையாது போ. அன்னிக்கே சொன்னேன் இல்ல, எல்லாம் எனக்குத்தான்னு."

அவர் சிரித்தார், அப்படியே அழுதார், அவள் கையை முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். ஒரு வருஷமாக அந்த மனுஷரின் நெஞ்சில் கிடந்தது கொஞ்சம் கரைந்திருக்க வேண்டும். அவள் இன்னொரு கையால் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். மிச்சச் சாற்றையும் டம்ளரையும் அடுக்களைக்கு எடுத்துப்போகும்படி எனக்குக் கண்ணால் சொன்னாள்.

அடுக்களையில் நின்று, டம்ளரின் அடியில் இருந்ததை வாயில் ஊற்றினேன். காறித் துப்பத் தோன்றுகிற கசப்பு. நான் முதல் தடவை கொட்டையோடு பிழிந்து கெடுத்தேனே, அதைவிட மோசமான கசப்பு. அதை அவள் முகம் சுளிக்காமல் முழுக்கக் குடித்திருந்தாள். தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் டப்பாவில் மிச்சம் இருந்ததைக் கொட்டி, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த இரண்டொரு நாளில் அவள் போய்விட்டாள். மற்ற டப்பாக்களிலிருந்து ஆபா கரண்டியால் புகட்டிப் பார்த்தார், ஆனால் அதற்கப்புறம் அவளால் விழுங்க முடியவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் கொண்டுவந்து போர்த்தினார்.

கருமாதிக்கு மறுநாள் எல்லாரும் கிளம்பிப்போன பிறகு அவர் மட்டும் இருந்தார். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் அவரும் தனியாக உட்கார்ந்து பேசி வெகு நாளாகியிருந்தது. அவர் சுவரில் மாட்டியிருந்த அவள் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார், மாலைகூட இன்னும் வாடவில்லை.

"மாப்ள, எனக்கு அது ஒண்ணுதான். கடைசியா என் கையால குடிச்சிட்டு இனிப்பா இருக்குதுன்னு சொல்லிச்சி. நெஜமாவே இனிப்பாதானே இருந்துச்சி?"

ஒரு வருஷமாக அவரை எங்கே குத்தினால் வலிக்கும் என்று தேடிக்கொண்டிருந்தவன் நான். இப்போது அவரே இடத்தைக் காட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். போட்டோவில் அவள் கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த முகத்தோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மச்சான். மிச்சத்த நானும் குடிச்சேன். நல்ல இனிப்பு" என்றேன்.